ஆந்தூரியம் தங்காததற்குக் கைராசி காரணமில்லை

‘என் கைக்குச் செடியே தங்காதுங்க!’

நர்சரிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அதிலும் ஆந்தூரியம் வாங்கிப்போனவர்கள் சொல்வதுதான் அதிகம். வாங்கும்போது நாலைந்து சிவப்புப் பூக்கள், மெழுகு தடவினாற்போல் மின்னும் இலைகள் என்று கண்ணைப் பறிக்கும். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிவந்து, ஹாலில் டீப்பாய் மேல் வைத்து, தினமும் காலையில் மறக்காமல் தண்ணீர் ஊற்றுவோம். சில வாரங்களில் அடி இலை மஞ்சளாகும். பிறகு பூத்தண்டு துவளும். ‘தண்ணீர் போதவில்லை போல’ என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். கடைசியில் தொட்டிதான் மிஞ்சும். பழியோ நம் கைராசி மேல்!

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குள் வைக்கும் ஆந்தூரியம் பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அதன் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் தொட்டி, மண், தண்ணீர் என்று மற்ற எல்லாவற்றுக்கும் வழி தெரிந்துவிடும்.

மரத்தில் தொற்றி வாழும் செடி

நம் வீடுகளில் இருக்கும் ஆந்தூரியத்தின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் கொலம்பியாவும் ஈக்வடாரும். ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் உள்ள மழைக்காடுகள்தான் அதன் தாய்வீடு. எடுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1876-ல் அங்கே பயணம் செய்தபோது இதைக் கண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் பெயரால்தான் இதை ‘ஆந்தூரியம் ஆந்த்ரேயானம்’ என்கிறார்கள். 1889-ல் லண்டனிலிருந்து ஹவாய்த் தீவுக்குப் போன இந்தச் செடி, பிற்பாடு அங்கே பெரிய பூ வியாபாரமாகவே வளர்ந்தது. நம் பக்கத்தில் கேரளத்திலும் ஏற்காட்டிலும் நிழல்வலைக்குக் கீழே இதைப் பயிரிடுகிறார்கள்.

அந்தக் காட்டில் இது எப்படி வாழ்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். பெரிய மரங்களின் கிளைகளிலும் அடிமரத்திலும் தொற்றிக்கொண்டு, பட்டை இடுக்கில் சேர்ந்த இலைச்சருகில் வேர்விட்டு வளரும். தரையில் வளர்ந்தாலும் மேலே மக்கிய சருகுதான் இருக்கும், களிமண் இருக்காது. மழை பெய்தால் வேர் முழுக்க நனையும். அடுத்த சில நிமிடங்களில் தண்ணீர் வழிந்தோடிவிடும். பிறகு வேரைச் சுற்றிக் காற்றுதான். அதனால் ஆந்தூரியத்தின் வேர்கள் தடிப்பாக, மேலே பஞ்சு போன்ற ஓர் உறையோடு இருக்கும். அந்த உறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட வேரைச் செம்மண்ணும் எருவும் போட்டு அழுத்திய தொட்டியில் வைத்து, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? மண்ணுக்குள் இருக்கும் காற்றிடைவெளி எல்லாம் தண்ணீரால் அடைபடும். மூச்சுத்திணறிய வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை வாடும். தண்ணீர் நடுவிலேயே தாகத்தில் தவிக்கும் நிலை இது. நாமோ வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுகிறோம்.

முதலில் தொட்டியைப் பாருங்கள்

கடையில் வாங்கும் செடி பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும். அதை அப்படியே அழகான பீங்கான் ஜாடிக்குள் இறக்கிவைப்பது பலரது வழக்கம். ஜாடிக்கு அடியில் துளை இருக்காது. வடிந்த தண்ணீர் ஜாடியின் அடியில் தேங்கி, வேர் இரவும் பகலும் அதில் நிற்கும். ஜாடிதான் வேண்டும் என்றால் உள்ளே இரண்டு ஓட்டுச் சில்லைப் போட்டு, அதன்மேல் உள்தொட்டியை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றும்போது உள்தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

மண்தொட்டி நல்ல தேர்வு. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். ஆனால், செடியைவிட ரொம்பப் பெரிய தொட்டி வேண்டாம். இப்போதிருக்கும் தொட்டியைவிட ஓர் அங்குலமோ, இரண்டு அங்குலமோ அகலம் கூடினால் போதும். ‘நன்றாகப் பரவி வளரட்டும்’ என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத இடமெல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

மண்ணே வேண்டாம்

ஆந்தூரியத்துக்குத் தோட்டத்து மண் தேவையில்லை. இந்தக் கலவையைச் செய்து பாருங்கள்:

* அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டுகள் – 2 பங்கு
* கோகோபீட் – 1 பங்கு
* அடுப்புக்கரித் துண்டுகளும் உடைத்த ஓட்டுச் சில்லும் கலந்தது – 1 பங்கு
* மண்புழு உரம் – ஒரு கைப்பிடி

மட்டைத் துண்டுகளையும் கோகோபீட்டையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். மட்டையிலிருந்து பழுப்புச் சாயம் இறங்கும். கோகோபீட்டில் பல சமயம் உப்பு இருக்கும். இரண்டையும் தனித்தனி வாளியில் ஊறப்போட்டு, மூன்று நாள் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் ஓரளவு தெளிந்த பிறகு பிழிந்து எடுத்துக் கலக்கலாம்.

நட்டு முடித்ததும் ஒரு சோதனை. மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சில விநாடிகளிலேயே அடித்துளை வழியாகக் கொட்டத் தொடங்க வேண்டும். மேலேயே குளம் மாதிரி தேங்கி நின்றால், மட்டைத் துண்டும் சில்லும் இன்னும் வேண்டும் என்று அர்த்தம்.

வாங்கிவந்த அன்றே மாற்றி நட வேண்டாம். நிழலும் ஈரப்பதமும் அளந்து கொடுத்த பாலிஹவுஸிலிருந்து வந்த செடி அது. நம் வீட்டுக்குப் பழக அதற்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். ஆனால், வரும்போதே கலவை சொதசொதவென்று இருந்து, அழுகல் வாடை அடித்தால் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர், எந்தத் தண்ணீர்?

‘வாரத்துக்கு எத்தனை முறை ஊற்றணும்?’ என்று கேட்டால், அதைத் தொட்டிதான் சொல்ல வேண்டும். விரலை இரண்டாவது கணு வரை கலவைக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். அந்த எடை வித்தியாசம் பழகிவிட்டால், பிறகு விரல்கூடத் தேவையில்லை. சென்னை போன்ற ஊரில் சாதாரண நாள்களில் வாரம் இரண்டு முறை போதும். கத்திரி வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒருமுறையே அதிகம்.

ஊற்றும்போது அரை டம்ளர், கால் டம்ளர் என்று தெளிக்க வேண்டாம். தொட்டியை சிங்க்கிலோ, பாத்ரூமிலோ வைத்து, அடி வழியாக நன்றாக வழியும்வரை ஊற்றுங்கள். கால் மணி நேரம் வடியவிட்டு, பிறகு பழைய இடத்தில் வையுங்கள். வேர் முழுக்க நனைவதோடு, கலவையில் சேர்ந்த உப்பும் கழுவிக்கொண்டு போகும்.

உப்பு என்றதும் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மழைநீர் குடித்து வளர்ந்த செடிக்கு உப்பு ஆகாது. இலை நுனி பழுப்பாகக் கருகுகிறதா? தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிகிறதா? போர் தண்ணீரில் இருக்கும் உப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிகளுக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால், வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். அதை வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள், ஆந்தூரியத்துக்கு வேண்டாம். உப்பு போட்டு இயக்கும் வாட்டர் சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம்.

மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துவையுங்கள். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது. அதில் உப்பு அநேகமாக இருக்காது. அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றலாம். மழை பெய்யும் நாளில் மொட்டைமாடியில் ஒரு டிரம்மைத் திறந்துவைத்துப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. கொசு வராமல் மூடிவைக்க மறக்காதீர்கள்.

வெளிச்சம்தான் பூ

‘செடி நல்லாத்தான் இருக்கு. ஆனா, பூக்கவே மாட்டேங்குது’ என்பது அடுத்த புகார்.

ஆந்தூரியத்தில் நாம் பூ என்று நினைக்கும் இதய வடிவச் சிவப்பு உண்மையில் பூ இல்லை. நிறம் மாறிய ஓர் இலை. அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் திரி போன்ற தண்டில் மணி மணியாக ஒட்டியிருப்பவைதான் நிஜப் பூக்கள். கிரேக்க மொழியில் ‘ஆந்தூரியம்’ என்றால் வால் பூ என்று பொருள். பெயர்ப் பொருத்தம் சரிதானே!

வளர்ந்த செடியில், ஒவ்வோர் இலையின் கணுவிலிருந்தும் ஒரு பூ வர வாய்ப்பு உண்டு. புது இலை வந்தால்தான் புதுப் பூ. புது இலை வர வெளிச்சம் வேண்டும். இருட்டு மூலையில் வைத்த செடி, இருக்கிற இலையைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா நிற்கும்.

எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பகல் பதினொரு மணிக்கு, செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் மங்கலாக, கை என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு விழுந்தால் சரியான இடம். நிழலே விழாவிட்டால் பூக்காது. கத்தரித்தாற்போல் கூர்மையாக விழுந்தால் இலை கருகும். கிழக்கு ஜன்னலோரம் பெரும்பாலும் பொருந்திவரும். மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரை போடுங்கள். சித்திரை, வைகாசியில் நாலைந்து அடி உள்ளே தள்ளிவையுங்கள்.

18 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகமாக இருக்கும். ஏ.சி. காற்று நேராக மேலே படும் இடமும், அடுப்புச் சூடு தாக்கும் இடமும் ஆகாது.

உரம்: கொஞ்சம் போதும்

தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். காய்ந்த கலவையில் உரநீர் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரம். செடி நோய்வாய்ப்பட்டிருக்கும்போதும், புதிதாக நட்ட ஒரு மாதத்துக்கும் உரமே வேண்டாம்.

அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர், டீத்தூள் எல்லாம் மாடித்தோட்டத்துக்குச் சரி. வீட்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் அவை புளித்துப்போய், பூஞ்சணமும் குட்டிக் கொசு போன்ற பூச்சிகளும் வரும்.

குழந்தைகள் உள்ள வீடா? இதைப் படியுங்கள்

ஆந்தூரியம் நமக்கு அந்நியம் இல்லை. சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, மணி பிளான்ட் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். சேனை நறுக்கினால் கை அரிக்கும் அல்லவா? ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள்தான் அந்த அரிப்புக்குக் காரணம். அதே படிகங்கள் ஆந்தூரியத்தின் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் உண்டு. சேனையை வேகவைத்துச் சாப்பிடுகிறோம். இதைத் தவழும் குழந்தை பச்சையாகக் கடித்துவிடும் என்பதுதான் பிரச்னை.

கடித்தால் வாய், உதடு, நாக்கு எரியும், வீங்கும், எச்சில் வடியும், குழந்தை வீரிட்டு அழும். வாயில் இருக்கும் துணுக்கைத் துடைத்தெடுத்து, தண்ணீரால் வாயைக் கழுவி, விழுங்க முடிந்தால் குளிர்ந்த தண்ணீரோ, பாலோ கொஞ்சம் குடிக்கக் கொடுங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் எரிச்சல் தணியும். ஆனாலும் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. நாக்கு வீங்கிக்கொண்டே போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். கண்ணில் சாறு பட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள்.

பூனை, நாய்க்கும் இதே தொல்லைதான். அதனால் டீப்பாய் வேண்டாம். எட்டாத உயரத்தில், கவிழாத ஸ்டாண்டில் வையுங்கள். தொட்டி மாற்றும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாடிவிட்டதா? தூக்கி எறிவதற்கு முன்...

கலவை ஈரமாக இருந்தும் இலை வாடினால், அது வேர் அழுகலின் அடையாளம். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருப்பது நல்ல வேர். கறுத்து, தொட்டால் உரித்துக்கொண்டு வருவது அழுகிய வேர். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கத்தரியால் அழுகியதை எல்லாம் வெட்டிவிடுங்கள். பூக்களையும் வெட்டிவிடுங்கள், இப்போது அவை செடிக்குப் பாரம். மஞ்சளான இலைகளை நீக்கி, நல்ல இலைகளை விட்டுவையுங்கள்.

பிறகு சின்னத் தொட்டியில் மட்டைத் துண்டு அதிகமான கலவையில் நட்டு, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைத் தளர்வாகக் கவிழ்த்து, தினமும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். உறுதியான தண்டும் கொஞ்சம் நல்ல வேரும் இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. நடுவிலிருந்து புதுத் துளிர் தலைநீட்டினால் தப்பித்துவிட்டது என்று கவரை எடுத்துவிடலாம். தண்டே கொழகொழவென்று ஆகியிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*தினமும் இலை மேல் தண்ணீர் ஸ்பிரே செய்யலாமா?*

அதனால் கூடும் ஈரப்பதம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். இலை மேல் நிற்கும் தண்ணீரோ நோய்க்குக் கதவு திறக்கும். 1980-களில் ஹவாய் ஆந்தூரியம் பண்ணைகளை பாக்டீரியா கருகல் நோய் சூறையாடியது. நீர்த்துளி தெறிப்பதிலும், துடைக்காத கத்தியிலும் பரவும் நோய் அது. இலையில் மஞ்சள் விளிம்போடு பழுப்புத் திட்டுகள் பரவினால், அந்தச் செடியை உடனே மற்றவற்றிலிருந்து தள்ளிவையுங்கள். ஈரப்பதத்துக்கு நாலைந்து செடிகளைச் சேர்த்து வைப்பதே நல்ல வழி. தூசி படிந்தால் ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள்.

*சிவப்புப் பூ பச்சையாக மாறுகிறதே?*

பூவுக்கு வயதாகிவிட்டது. நோய் இல்லை. ஒரு பூ ஒன்றரை, இரண்டு மாதம்கூட நிற்கும். பிறகு பச்சையாகி வாடும்போது, தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள்.

*இலைக்கணுவில் வெள்ளையாக மாவு மாதிரி இருக்கிறது...*

மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளியுங்கள். காற்றோட்டம் உள்ள இடத்தில் வைத்துக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் செய்யுங்கள்.

*தண்டு உயரமாகி, நடுவில் வேர்கள் வெளியே தொங்குகின்றன. வெட்டலாமா?*

வேண்டாம். மரத்தைப் பற்றிக்கொள்ள விடும் வேர்கள் அவை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது, அந்த வேர்கள் கலவைக்குள் போகும்படி செடியைச் சற்று இறக்கி நட்டுவிடுங்கள்.

*இது வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யுமாமே?*

விற்பவர்கள் சொல்வது இது. அடைத்த பெட்டிக்குள் செடிகளை வைத்து நாசா செய்த 1989-ம் ஆண்டு ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு. ஜன்னலும் கதவும் உள்ள நம் வீட்டில், ஒன்றிரண்டு செடியால் காற்று சுத்தமாகிவிடாது. காற்றுக்கு ஜன்னலைத் திறவுங்கள். கண்ணுக்கு ஆந்தூரியத்தை வையுங்கள்.

இனி யாராவது ‘உனக்குக் கைராசி இல்லை’ என்று சொன்னால், தொட்டியைத் தூக்கி அடித்துளையைக் காட்டுங்கள். காற்று உள்ளே போய், தண்ணீர் வெளியே வந்தால் எல்லோர் கையும் ராசியான கைதான்.

(அடுத்த வாரம்: மணி பிளான்ட் இலை ஏன் சிறுத்துக்கொண்டே போகிறது?)